பெஞ்சமின் கிரஹாம்: இரண்டு மார்ஜின்களின் கதை

மார்ஜின்னு சொன்னா நம்ம எல்லாருக்கும் முதல்ல ஞாபகம் வர்றது ரெக்கார்டு நோட்டில் இடது பக்கம் போடும் கோடுதான். பங்குச்சந்தைப் பக்கம் போனால் அதே சொல்லுக்கு வேறு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, புரோக்கரிடம் கடன் வாங்கிப் பங்கு வாங்குவது. இன்னொன்று, ஒரு பங்கின் உண்மையான மதிப்புக்கும் நாம் அதற்குக் கொடுக்கும் விலைக்கும் நடுவில் விட்டுவைக்கும் இடைவெளி. முதல் மார்ஜின் ரிஸ்க்கைக் கூட்டும். இரண்டாவது மார்ஜின் ரிஸ்க்கைக் குறைக்கும். சொல் ஒண்ணுதான், வேலை நேர் எதிர்.

இந்த இரண்டையும் வாழ்க்கையில் நேராகச் சந்தித்த ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர் பெஞ்சமின் கிரஹாம். வாரன் பஃபெட்டுக்குப் பாடம் எடுத்தவர் என்று சொன்னால் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனா அதோட நிறுத்திட்டா முக்கியமான விஷயம் விட்டுப்போயிடும். ரிஸ்க் என்றால் என்ன என்று உலகத்துக்கே பாடம் நடத்திய இந்த மனிதர், அதற்கு முன்னால் தன் பொறுப்பில் இருந்த பணத்தில் 100க்கு 70ஐத் தொலைத்தவர்.

அம்மாவின் நஷ்டம்

கிரஹாம் 1894 மே மாதம் லண்டனில் பிறந்தார். அப்போது குடும்பப் பெயர் கிராஸ்பாம். அவருக்கு ஒரு வயதாக இருக்கும்போது குடும்பம் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தது. அப்பாவுக்குப் பீங்கான் சாமான்களை இறக்குமதி செய்து விற்கும் வியாபாரம். வீட்டில் வேலையாட்கள் இருந்த அளவுக்கு வசதி. 1903ல் அப்பா இறந்துபோனார். மூன்று பையன்களில் பென் கடைசி.

அப்பா இல்லாமல் வியாபாரம் படுத்துவிட்டது. அம்மா வீட்டையே மற்றவர்கள் தங்கிச் சாப்பிடும் விடுதியாக மாற்றிப் பார்த்தார். அதுவும் சரியாகப் போகவில்லை. அடுத்ததாகக் கடன் வாங்கிப் பங்கு வாங்கினார். அதாவது முதல் வகை மார்ஜின். 1907ல் அமெரிக்காவில் பெரிய நிதி நெருக்கடி வந்தது. வங்கிகளின் வாசலில் பணத்தைத் திரும்பக் கேட்டு மக்கள் வரிசையில் நின்றார்கள். பங்குகள் சரிந்தன. அம்மாவின் சேமிப்பு மொத்தமும் போனது.

இது எப்படி நடக்குதுன்னு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்கள் கையில் 20 ரூபாய், புரோக்கர் தரும் கடன் 80 ரூபாய். 100 ரூபாய்க்குப் பங்கு வாங்குகிறீர்கள். விலை 120 ஆனால் கடனைக் கொடுத்தது போக உங்கள் 20 ரூபாய் 40 ஆகிவிடும். 20 சதவீத ஏற்றத்துக்கு 100 சதவீத லாபம். கேட்கவே ஜோரா இருக்கு இல்லையா? இப்போது விலை 80க்கு இறங்கினால்? 80ம் கடன்காரருக்குப் போய்விடும். உங்களுக்கு மிச்சம் பூஜ்யம். அப்புறம் அந்தப் பங்கு 200க்கே போனாலும் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. ஏன்னா, பங்கு உங்க கையிலேயே இருக்காது. புரோக்கர் அதை விற்றுத் தன் கடனை எடுத்திருப்பார்.

அந்தக் காலத்தில் நடந்த ஒரு சம்பவம் கிரஹாமுக்குக் கடைசிவரை மறக்கவில்லை. அம்மா கொடுத்த செக்கை மாற்ற வங்கிக்குப் போயிருந்தார். இந்த அம்மாவின் கணக்கில் 5 டாலராவது தேறுமா என்று கவுண்டரில் இருந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது பையனின் காதில் விழுந்தது. ரிஸ்க் என்ற சொல்லைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னாலேயே அது எப்படியிருக்கும் என்று தெரிந்துகொண்டார்.

மூன்று துறைகள் கூப்பிட்டும்

பையன் படிப்பில் கெட்டிக்காரன். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உதவித்தொகைக்குத் தகுதி பெற்றும், அலுவலகத்தில் உறவுக்காரப் பையன் பெயரோடு குழம்பியதால் அது கைவிட்டுப் போய், பிறகு வேறொரு உதவித்தொகையில்தான் சேர்ந்தார். படித்துக்கொண்டே வேலையும் பார்த்தார். 1914ல் வகுப்பில் இரண்டாவது இடத்தில் பட்டம் வாங்கினார். கணிதம், தத்துவம், ஆங்கிலம் ஆகிய மூன்று துறைகளும் அவரை ஆசிரியராக வந்து சேரும்படி அழைத்தன. வயது 20.

வீட்டுக் கஷ்டம் அவரை வேறு பக்கம் தள்ளியது. வால் ஸ்ட்ரீட்டில் ஒரு புரோக்கர் நிறுவனத்தில் சேர்ந்தார். சம்பளம் வாரத்துக்கு 12 டாலர். சேர்ந்த சில வாரங்களில் முதல் உலகப்போர் தொடங்கி, நியூயார்க் பங்குச்சந்தையையே நாலு மாதம் போல மூடி வைத்தார்கள். நல்ல நேரம் பார்த்துத்தான் வேலைக்குச் சேர்ந்தார்! போர்க்காலத்தில் ஜெர்மன் சாயல் உள்ள பெயர்கள் மீது வெறுப்பு இருந்ததால், கிராஸ்பாம் குடும்பம் கிரஹாம் ஆனதும் அந்த வருடங்களில்தான்.

அன்றைக்குப் பங்கு வாங்குவது என்றால் பெரும்பாலும் காற்றுவாக்கில் வந்த செய்தியை நம்பி வாங்குவதுதான். கடன் பத்திரம் முதலீடு, பங்கு சூதாட்டம், இதுதான் பொதுவான எண்ணம். கம்பெனிகள் வெளியிட்ட கணக்கு விவரம் கொஞ்சம். அதைப் படிக்கிறவர்கள் அதைவிடக் கொஞ்சம். கிரஹாம் அதைத்தான் உட்கார்ந்து படித்தார்.

1915ல் குகன்ஹைம் எக்ஸ்ப்ளோரேஷன் என்ற கம்பெனியைக் கலைக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. அந்தக் கம்பெனி பல செப்புச் சுரங்கக் கம்பெனிகளின் பங்குகளைக் கையில் வைத்திருந்தது. கிரஹாம் கூட்டிப் பார்த்தார். அதன் ஒரு பங்கு சந்தையில் சுமார் 69 டாலர். ஒரு பங்குக்குப் பின்னால் இருந்த சொத்தோ சுமார் 76 டாலர். கலைத்ததும் 76 கைக்கு வரும். வதந்தி வேண்டாம், ஜோசியம் வேண்டாம், கூட்டல் தெரிந்தால் போதும்.

1926ல் இன்னொன்று. ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தை 1911ல் நீதிமன்றம் உடைத்தபோது பிரிந்து வந்தவற்றில் நார்தர்ன் பைப்லைன் என்ற கம்பெனியும் ஒன்று. பைப்லைன் கம்பெனிகள் அரசின் வணிக ஆணையத்துக்கு விரிவான கணக்கு கொடுக்க வேண்டும். கிரஹாம் வாஷிங்டனுக்கே போய் அந்தக் கோப்புகளை வாங்கிப் படித்தார். பங்கின் விலை 65 டாலர். கம்பெனி சும்மா வைத்திருந்த பத்திரங்கள் மட்டும் ஒரு பங்குக்கு 95 டாலர்! தொழிலுக்குத் தேவைப்படாத அந்தப் பணத்தைப் பங்குதாரர்களுக்குக் கொடுங்கள் என்று கேட்டார். நிர்வாகம் காதில் வாங்கவில்லை. 1927ல் பென்சில்வேனியாவில் ஒரு சின்ன ஊரில் நடந்த ஆண்டுக் கூட்டத்துக்குத் தனியாகப் போனார். தீர்மானத்தை வழிமொழிய ஆள் இல்லாததால் அது எடுத்துக்கொள்ளப்படவே இல்லை. விடவில்லை. அடுத்த வருடம் மற்ற பங்குதாரர்களின் ஒப்புதலைச் சேகரித்துக்கொண்டு போய் இயக்குநர் குழுவில் இரண்டு இடங்களைப் பிடித்தார். கடைசியில் ஒரு பங்குக்கு 70 டாலர் பிரித்துக் கொடுக்கப்பட்டது.

மதிப்பு ஒன்று, விலை வேறொன்று. இரண்டும் எப்போதும் ஒன்றாக இருக்காது. அவர் மூளை முழுக்க இந்த ஒரு விஷயம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

1929

1926ல் நண்பர்களின் பணத்தையும் சேர்த்து சுமார் 4.5 லட்சம் டாலரில் ஒரு கூட்டுக் கணக்கு தொடங்கினார். லாபமும் புதிதாக வந்த பணமும் சேர்ந்து 1929 தொடக்கத்தில் அது 25 லட்சம் டாலர் ஆகியிருந்தது. ஜெரோம் நியூமன் கூட்டாளியாகச் சேர்ந்தார். 1928 முதல் கொலம்பியாவில் மாலை வகுப்பும் எடுக்கத் தொடங்கினார். சென்ட்ரல் பார்க் ஓரத்தில் ஆடம்பரமான வீடு.

1929 செப்டம்பர் 3 அன்று டோ ஜோன்ஸ் குறியீடு 381ல் இருந்தது. அக்டோபரில் சரிவு ஆரம்பித்தது. அந்த வருடம் கிரஹாமின் கணக்கில் 20 சதவீத நஷ்டம். வலிதான், ஆனால் தாங்கக்கூடிய வலி.

1930 ஜனவரியில் ஃபுளோரிடா போனபோது, தொண்ணூறு வயதைத் தாண்டிய ஓய்வுபெற்ற தொழிலதிபர் ஒருவரைச் சந்தித்தார். எல்லாவற்றையும் விற்றுக் கடனை அடைத்துவிடு என்று பெரியவர் வற்புறுத்தினார். கிரஹாம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், செய்யவில்லை. விழ வேண்டியது விழுந்துவிட்டது, பங்குகள் மலிவாகக் கிடைக்கின்றன என்று அவர் கணக்கு சொன்னது. கடன் வாங்கியும் வாங்கினார்.

1930ல் நஷ்டம் 50 சதவீதம். 1931ல் 16. 1932ல் 3. டோ ஜோன்ஸ் 1932 ஜூலை 8 அன்று 41ல் போய் நின்றது. 381ல் இருந்து 41!

இங்கே கொஞ்சம் நின்னு யோசிச்சுப் பாருங்க. கிரஹாம் கணக்கு தெரியாதவர் இல்லை. அவர் வாங்கிய பங்குகளில் பலவும் உண்மையிலேயே மலிவுதான். அப்போ எங்கே தவறியது? மலிவான பங்கு இன்னும் மலிவாகலாம். சொந்தப் பணமாக இருந்தால் காத்திருக்கலாம். கடன் பணம் காத்திருக்க விடாது. அம்மாவைக் கவிழ்த்த அதே மார்ஜின், 23 வருடம் கழித்து, எல்லாம் தெரிந்த மகனையும் கவிழ்த்தது.

நஷ்டத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. 10 சதவீதம் இழந்தால் மீள்வதற்கு 11 சதவீதம் போல லாபம் வேண்டும். 50 சதவீதம் இழந்தால் 100. 70 சதவீதம் இழந்தால் 233. இறங்கும் படியும் ஏறும் படியும் ஒரே உயரம் இல்லை. அதனால்தான் ரிஸ்க்கையும் ரிட்டர்னையும் தராசின் இரண்டு தட்டில் சமமாக வைத்துப் பார்க்கக் கூடாது.

சம்பளம் இல்லாத ஐந்து வருடம்

ஒப்பந்தப்படி, பழைய நஷ்டம் ஈடாகிற வரைக்கும் கிரஹாமுக்கும் நியூமனுக்கும் கணக்கிலிருந்து பங்கு கிடையாது. இழுத்து மூடிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. நியூமனின் மாமனார் 50,000 டாலர் போட்டு உதவினார். பெரிய வீட்டை விட்டுவிட்டுச் சின்ன வீட்டுக்கு மாறினார். வகுப்பெடுத்து, கட்டுரை எழுதி, நீதிமன்றங்களில் கம்பெனிகளின் மதிப்பு பற்றிச் சாட்சியம் சொல்லிச் சம்பாதித்தார். 1935 முடிவில்தான் நஷ்டம் முழுவதும் ஈடானது. கணக்கை விட்டு ஓடாமல் இருந்தவர்களுக்குப் பணம் திரும்ப வந்தது.

அந்த ஐந்து வருடங்களில்தான் அவருடைய பெரிய வேலை நடந்தது. 1932ல், நியூயார்க் சந்தையில் உள்ள சுமார் 600 தொழில் நிறுவனங்களை எடுத்துப் பார்த்ததில், மூன்றில் ஒரு பங்கு கம்பெனிகள் தங்கள் கையில் இருக்கும் நிகர நடப்புச் சொத்தைவிடக் குறைந்த விலைக்கு விற்றுக்கொண்டிருந்தன என்று எழுதினார். அதாவது கம்பெனியை மூடி, கடனை அடைத்தால்கூட பங்கு வாங்கியவருக்கு மிச்சம் வரும். 1934ல் டேவிட் டாட் என்ற சக ஆசிரியரோடு சேர்ந்து செக்யூரிட்டி அனாலிசிஸ் என்ற 700 பக்கத்துக்கும் மேற்பட்ட புத்தகத்தை வெளியிட்டார். அதில் முதலீட்டுக்கு அவர் கொடுத்த இலக்கணம் மூன்று நிபந்தனை கொண்டது: முழுமையாக ஆராய்ந்திருக்க வேண்டும், போட்ட முதலுக்குப் பாதுகாப்பு இருக்க வேண்டும், வருமானம் போதுமானதாக இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அது ஊக வணிகம். மூன்றாவது நிபந்தனையில் 'அதிகபட்ச' வருமானம் என்று இல்லை, 'போதுமான' வருமானம் என்றுதான் இருக்கிறது. இதைக் கவனியுங்க.

நம்ம பாஷையில் சொன்னால்

இரண்டாவது மார்ஜினை நமக்கு விளக்கவே வேண்டாம். ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி படித்தவர்கள்தானே நாம்? 10 பேர் ஏறும் லிஃப்டுக்கு 10 பேரை மட்டும் தாங்கும் கம்பியை யாரும் மாட்ட மாட்டார்கள். பல மடங்கு தாங்கும் கம்பியைத்தான் மாட்டுவார்கள். கணக்கு தப்பு என்பதால் அல்ல. இரும்பில் குறை இருக்கலாம், 11வது ஆள் ஏறலாம், கம்பி தேயலாம். தெரியாத விஷயங்களுக்காக இடம் விடுகிறோம். கிரஹாம் இதையே பங்குக்குச் சொன்னார். அதுக்குப் பேர்தான் மார்ஜின் ஆஃப் சேஃப்டி.

ஒரு பங்கின் மதிப்பு 100 ரூபாய் என்று நீங்கள் கணக்குப் போடுகிறீர்கள். 60க்குக் கிடைக்கிறது, வாங்குகிறீர்கள். கணக்கு சரியாக இருந்தால் லாபம் 40. கணக்கு தப்பி, உண்மையான மதிப்பு 80 என்றாலும் லாபம் 20. உங்கள் நண்பர் அதே பங்கை 95க்கு வாங்கினார். கணக்கு சரியென்றால் அவருக்கு லாபம் 5, தப்பென்றால் நஷ்டம் 15. கம்பெனி ஒன்றுதான். ரிஸ்க் குறைவாக எடுத்தவருக்குத்தான் லாபம் அதிகம்.

ரிஸ்க் கூடினால் ரிட்டர்ன் கூடும் என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். கிரஹாம் காட்டியது, அது எப்போதும் அப்படி இல்லை என்பதை. ரிஸ்க் கம்பெனியில் மட்டும் இல்லை, நீங்கள் கொடுக்கும் விலையிலும் இருக்கிறது. நல்ல கம்பெனிதானே என்று எந்த விலைக்கும் வாங்கினால் என்ன ஆகும்? 1929 உச்சத்தில் டோ ஜோன்ஸ் பட்டியலில் இருந்தவை எல்லாம் அமெரிக்காவின் பெரிய கம்பெனிகள். அந்தக் குறியீடு மறுபடி 381ஐத் தொட 1954 நவம்பர் ஆனது. 25 வருடம்!

மதிப்பைக் கணிப்பதில் தப்பு வரும் என்பதால், ஒரே பங்கை நம்பாமல் பலவற்றில் பிரித்துப் போடச் சொன்னார். 1949ல் சாதாரண மக்களுக்காக எழுதிய இன்டலிஜென்ட் இன்வெஸ்டர் புத்தகத்தில், பணத்தைப் பாதி கடன் பத்திரத்திலும் பாதி பங்கிலும் வைத்துத் தொடங்கலாம், பங்கின் அளவு 25க்குக் குறையாமலும் 75ஐத் தாண்டாமலும் இருக்கட்டும் என்றார். அதே புத்தகத்தில்தான் மிஸ்டர் மார்க்கெட் என்ற கற்பனைக் கூட்டாளி வருகிறார். தினமும் வந்து உங்கள் பங்குக்கு ஒரு விலை சொல்வார். ஒருநாள் குஷியில் எக்கச்சக்க விலை, ஒருநாள் பயத்தில் அடிமாட்டு விலை. பிடித்தால் விற்கலாம், வாங்கலாம். பிடிக்காவிட்டால் போய்ட்டு வாங்க என்று அனுப்பிவிடலாம். ஆனால் அனுப்பிவைக்கும் சௌகரியம் கடன் இல்லாதவருக்கு மட்டும்தான். கடன் வாங்கியவர் அவர் சொல்லும் விலைக்குக் கட்டுப்பட்டே ஆகணும்.

பஃபெட் இந்தப் புத்தகத்தைப் படித்தபோது வயது 19. உடனே கொலம்பியாவுக்கு வந்து கிரஹாமிடம் படித்தார், 1954 முதல் 1956 வரை அவரிடமே வேலையும் பார்த்தார்.

அவரே மீறிய விதி

1936ல் தொடங்கிய கிரஹாம்-நியூமன் நிறுவனம், 1956ல் அவர் ஓய்வுபெறும் வரை, வருடத்துக்குச் சுமார் 14.7 சதவீதம் ஈட்டியது. அதே காலத்தில் சந்தை 12.2 சதவீதம். வித்தியாசம் பெரிசா தெரியலையா? கூட்டு வட்டியில் 20 வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள். 100 ரூபாய் சந்தையில் 1,000 ஆகும். அவரிடம் 1,550 ஆகும்.

1948ல் கெய்கோ என்ற கார் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பாதியை சுமார் 7 லட்சம் டாலருக்கு வாங்கினார். நிறுவனத்தின் சொத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு ஒரே இடத்தில். பிரித்துப் போடு என்ற தன் விதியைத் தானே மீறினார். முதலீட்டு நிறுவனம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அவ்வளவு பெரிய பங்கு வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் சொன்னதால், அந்தப் பங்குகளைத் தன் பங்குதாரர்களுக்கே பிரித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. பிறகு அதன் விலை 200 மடங்குக்கு மேல் ஏறியது. 20 வருடம் விதிப்படி செய்த மற்ற எல்லா முதலீட்டின் லாபத்தையும் கூட்டினால்கூட இந்த ஒன்றுக்குக் குறைவு. இதை அவரே பின்னால் வெளிப்படையாக எழுதினார்.

அப்போ விதி எல்லாம் வீணா? அவசரப்படாதீங்க. அந்த ஒரு வாய்ப்பு வந்தபோது எடுத்துக்கொள்ளக் கையில் பணம் இருந்தது, ஆளும் களத்தில் இருந்தார். இரண்டுக்கும் காரணம் அந்த விதிகள். இன்னொன்று: 1972ல் 60 டாலருக்கு மேல் இருந்த அதே கெய்கோ, பிரீமியத்தைக் கணக்குத் தப்பி வைத்ததால் 1976ல் 2 டாலர் அளவுக்கு விழுந்து திவாலின் வாசலில் நின்றது. 200 மடங்கு ஏறிய பங்குக்கும் இந்தக் கதி வரும். அதன் பிறகு மீண்டு வந்தது வேறு கதை.

1976 செப்டம்பரில் பிரான்சில் கிரஹாம் காலமானார். வயது 82. கடைசிக் காலத்தில், பங்குகளைத் துருவித் துருவி ஆராய்வதில் பழைய பலன் இப்போது கிடைக்காது, அந்த வேலையை எல்லோரும் செய்கிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். தான் உண்டாக்கிய துறையைப் பற்றியே அப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேணும். பிரித்துப் போடுவதையும் மார்ஜின் ஆஃப் சேஃப்டியையும் மட்டும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

கிரஹாம் வால் ஸ்ட்ரீட்டுக்குள் நுழைந்த வயதுதான் இப்போ உங்களுக்கு. டிமேட் கணக்கு போனிலேயே சில நிமிடத்தில் திறந்துவிடலாம். எஃப் அண்ட் ஓ என்ற பெயரில், கையில் இருப்பதைப்போலப் பல மடங்கு தொகைக்கு விளையாடும் வசதியும் அதே ஆப்பில் இருக்கிறது. அம்மாவையும் மகனையும் கவிழ்த்த அதே முதல் மார்ஜினின் இன்றைய வடிவம் அது. அதில் இறங்கிய தனிநபர்களில் 100க்கு 93 பேர், 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நஷ்டம்தான் பார்த்தார்கள் என்று செபி 2024ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

அதனால முதல் பங்கை வாங்குவதற்கு முன்னால் ஒரு தாளில் மூன்று கேள்வி எழுதிக்கோங்க. என் கணக்கு 20 சதவீதம் தப்பாக இருந்தாலும் இந்த விலை எனக்குத் தாங்குமா? இது பாதியாக விழுந்தால் அடுத்த செமஸ்டர் ஃபீஸுக்குப் பிரச்சினை வருமா? இதில் கடன் பணம் ஒரு ரூபாயாவது இருக்கிறதா? எவ்வளவு லாபம் வரும் என்பது நாலாவது கேள்வி. முதல் மூன்றுக்கும் பதில் எழுதிய பிறகு அதைக் கேளுங்க.